வடக்கு வீதியின் சரித்திரம் – 17: தோளில் தைத்த பறவை

இரத்தோட்டையைக் கடந்து, தேயிலையும் அதற்கு மேலே ஏலக்காயும் படர்ந்த சரிவுகளினூடே, கொண்டையூசி வளைவுகளை எண்ணத் தொடங்கியவன் பாதியிலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டுவிடும் அந்த நெடிய ஏற்றத்தின் முடிவில், மாத்தளையின் புழுக்கம் உடம்பை விட்டு முற்றிலும் நீங்கிவிட்ட ஒரு கணத்தில், ரிவர்ஸ்டன் நம்மை எதிர்கொள்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் சிகரத்திலே, தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றைத் தவிர அசையாமல் நிற்பது வேறெதுவும் இல்லை என்று சொல்லத்தக்க அளவுக்குக் காற்று வீசும். மடக்கிய கையின் விரல்முட்டிகளைப் போலத் தோன்றிய காரணத்தால் ஆங்கில நில அளவையாளர்கள் இம்மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மூடுபனியைக் கருதியே சிங்கள மக்கள் இதனைத் தும்பர என்று வழங்கினார்கள் என்பர். தூரத்திலிருந்து நோக்கியவன் முட்டியைக் கண்டான். உள்ளே வாழ்ந்தவன் பனியைக் கண்டான்.

அந்தப் பனியைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும். பள்ளத்தாக்கிலிருந்து எழும் மேகம் பாதையின் குறுக்கே வந்து விழுந்துவிட்டால், பத்தடி தூரத்தில் எதிரே வருகிறவர் ஆணா பெண்ணா, தெரிந்தவரா தெரியாதவரா என்பது புலப்படுவதில்லை. முதலில் ஒரு நிழல் அசையும். பிறகு அந்த நிழலின் தலையில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பியோ, தோளில் ஒரு மஞ்சள் துண்டோ தெரியும். அதற்கும் பிறகுதான் முகம். ஒருவனை இன்னான் என்று கண்டுகொள்வதற்கு முகத்தைவிட நிறமே முந்தி வந்து உதவுகிறது என்னும் இந்தச் சிறிய உண்மையே, உலகத்துச் சேனைகள் அனைத்தும் தலையிலும் தோளிலும் மார்பிலும் சின்னங்களைத் தரித்துக்கொண்ட வரலாற்றுக்கு மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. போர்க்களமும் ஒருவகை மூடுபனிதான். அதனுள் நுழைந்தவனுக்கு முகங்கள் தெரிவதில்லை.

சென்ற அதிகாரத்தில், 1848-ஆம் ஆண்டு மாத்தளையில் மூண்ட கலகத்தையும், கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடிக்கொண்டதையும், புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் கண்டோம். மாத்தளை வழியாகச் செல்லும் அந்த வடக்கு வீதியில் வந்து போன மனிதர்கள் தங்கள் உடம்பின்மேல் எவற்றை அணிந்திருந்தார்கள், எதற்காக அணிந்திருந்தார்கள், யாருடைய கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று அணிந்திருந்தார்கள் என்பதை இந்த அதிகாரத்தில் பார்ப்போம். சின்னம் எதைக் குறிக்கிறது என்று கேட்போர் பலர். அது யாருக்காகக் குறிக்கிறது என்று கேட்போர் சிலரே. இரண்டாவது கேள்வியே சரித்திரத்தின் கதவைத் திறக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரின் ஒவ்வொரு திணைக்கும் ஒவ்வொரு பூவைச் சூட்டி, அப்பூவின் பெயராலேயே அத்திணையை வழங்கிய மரபு நம்முடையது. ஆநிரை கவரச் செல்பவன் வெட்சி சூடினான். மீட்கச் செல்பவன் கரந்தை சூடினான். பூவைக் கண்டமாத்திரத்தில் இவன் எதற்குப் புறப்பட்டான் என்பது தெரிந்துவிடும். ஆனால் இரண்டு வேந்தரும் களம் குறித்து நேருக்கு நேராகப் பொரும்போது, இருதிறத்தாரும் தும்பையையே சூடுவர். அங்கே ஒரு சங்கடம் பிறக்கிறது: எல்லாத் தலைகளிலும் ஒரே வெள்ளைப் பூ இருந்தால், நம்மவன் யார், மாற்றான் யார்? இந்தச் சங்கடத்தை உணர்ந்தே, சேரனுக்குப் போந்தை எனப்படும் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆர் எனப்படும் ஆத்தி என்று தனித்தனி அடையாளப் பூக்கள் வகுக்கப்பட்டன. பகைவேந்தரிடையே இன்னார் இன்னாரென அறிவதற்காகவே அவை சூடப்பட்டன என்று தொல்காப்பியம் காரணமும் கூறுகிறது. அழகுக்காகவும் அன்று, மங்கலத்துக்காகவும் அன்று, அறிந்துகொள்வதற்காக என்று ஓர் இலக்கணநூல் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருப்பது வியப்புக்குரியது.

இதன் மறுபக்கத்தைக் கண்டவர் கோவூர் கிழார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது, இருவர் கண்ணியும் ஆத்தியே என்பதைச் சுட்டிக்காட்டி, பனையும் வேம்பும் எதிரே இல்லாத போர் என்ன போர், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று அவர் இடித்துரைத்ததைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. பகைவனைப் பிரித்தறிவதற்கு என்று ஏற்பட்ட பூவை, பகையே இல்லை என்பதற்குச் சான்றாகப் புலவர் திருப்பிக் காட்டினார். இந்தக் காட்சியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். இவ்வதிகாரத்தின் முடிவில் இது நமக்கு மீண்டும் பயன்படும்.

பூ மாலைக்குள் வாடிவிடும். கொடி பல தலைமுறை நிற்கும். புலியும் மீனும் வில்லும் மூவேந்தரின் கொடிகளில் நின்றன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியைக் கொண்டார்கள். கண்டி இராச்சியத்திலோ திசாவை எனப்படும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனித் துவஜம் இருந்தது: நான்கு கோறளைக்குச் சூரிய சந்திரர், ஊவாவுக்கு அன்னம் என்று இவை வழங்கின. 1916-ஆம் ஆண்டில் ஈ. டபிள்யூ. பெரேரா சிங்களக் கொடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். இவையெல்லாம் கம்பத்தில் கட்டப்பட்ட சின்னங்கள். கூட்டத்திற்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தவை. கொடியின் கீழே நின்ற தனி மனிதனுடைய உடம்பில், அவன் எந்தத் திசாவையைச் சேர்ந்தவன் என்று காட்டும் தையல் எதுவும் இல்லை. கொடி சாய்ந்தால் அவன் மீண்டும் ஒரு குடியானவன். காட்டுக்குள் நுழைந்தால் அவனும் ஒரு மரம்.

மனிதனுடைய உடம்பையே கொடியாக மாற்றிய வழக்கம் இவ்வீதிக்குப் பிரிட்டிஷ் செஞ்சட்டைக்காரரோடு வந்தது. 1803-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்டொவல் கொழும்பிலிருந்தும் பார்பட் திருகோணமலையிலிருந்தும் கண்டியை நோக்கிப் படை நடத்தியதையும், மாத்தளையில் மக்டொவல் பெயரால் ஒரு கோட்டை எழுந்ததையும் முன்னரே விரித்துரைத்தோம். அந்தப் படையில் இருந்த 19-ஆம் ரெஜிமெண்டின் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் பச்சை நிறம். ஒருகாலத்தில் ஹவார்டு என்னும் பெயருடைய இரண்டு தளபதிகளின் கீழ் இரண்டு ரெஜிமெண்டுகள் ஒருங்கே இருந்தபோது, குழப்பம் நீங்குவதற்காகக் கைமடிப்பின் நிறத்தைச் சேர்த்து இவர்களைப் பச்சை ஹவார்டுகள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சட்டை எல்லாருக்கும் சிவப்பு. ஆகையால் தும்பை சூடிய களத்தில் போந்தையும் வேம்பும் செய்த வேலையை இங்கே கழுத்துப்பட்டை செய்தது.

ஆனால் ஐரோப்பாவின் சமவெளிகளில் துப்பாக்கிப் புகைக்கு நடுவே தளபதியின் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று தைக்கப்பட்ட சிவப்பு, கண்டிக் காட்டில் மரத்தின் பின்னால் நின்றவனுடைய கண்ணுக்கே அதிகம் தெரிந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கண்டியில் டேவி என்பவரின் கீழ் இருந்த பிரிட்டிஷ் படை சரணடைந்து அழிந்தது. மாத்தளைக் கோட்டையிலிருந்த மாட்ஜ் என்னும் கப்டன், நோயாளிகளை விட்டுவிட்டு, இரவோடு இரவாகத் திருகோணமலைப் பாதையில் பின்வாங்கினார். இருட்டில் நடந்த அந்தப் பயணத்தில் பச்சையும் சிவப்பும் ஒன்றே. அந்தப் படைக்கு அன்றிரவு வாய்த்த ஒரே நன்மையும் அதுவே. சின்னம் தெரிவதும் ஆபத்து, தெரியாமலிருப்பதும் ஆபத்து என்னும் இந்த இருதலைக்கொள்ளி நிலையை உணர்ந்த பிரிட்டிஷார், ஏறத்தாழ அதே காலத்தில், ரைபிள் படைகளுக்குக் கரும்பச்சைச் சட்டை அளித்தார்கள். அப்படைகளுக்குக் கொடியும் இல்லாமல் செய்தார்கள். மறைந்திருப்பதையே அடையாளமாகக் கொண்ட சேனை ஒன்று இவ்வாறு தோன்றியது.

இதே 1803-ஆம் ஆண்டின் செப்டம்பரில், கடலுக்கு அப்பால் தக்காணத்தில் அசாயே என்னும் இடத்தில் நடந்த போரில் மராட்டியரை எதிர்த்து நின்ற சென்னைச் சிப்பாய்ப் படைகளுக்கு, அப்போரின் நினைவாக யானைச் சின்னம் கிடைத்தது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் தலைமையகம் கொண்டுள்ள மதராஸ் ரெஜிமெண்டின் தொப்பியில் இன்றும் நிற்பது அந்த யானைதான். யானையைத் தலையில் ஏற்றுக்கொண்ட அதே சென்னைப் படை, மூன்றே ஆண்டுகளில், தலையில் ஏற்ற மறுத்த வேறொரு பொருளுக்காக வேலூரில் துப்பாக்கி தூக்கியது என்பது படைச்சின்னங்களின் வரலாற்றில் மறக்கலாகாத நிகழ்ச்சி. தலைமைத் தளபதி கிராடக்கின் ஆணையின்படி வந்த புதிய தலைப்பாகை ஐரோப்பியத் தொப்பியின் சாயலில் அமைந்து, தோலாலான குஞ்சத்தைச் சுமந்திருந்தது. நெற்றியில் நாமமோ திருநீறோ இடலாகாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி வளர்த்தல் கூடாது என்ற விதிகளும் உடன் வந்தன. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் எழுந்த கலகம், ஆர்க்காட்டிலிருந்து விரைந்த கில்லஸ்பியின் குதிரைப்படையால் அன்றே ஒடுக்கப்பட்டது. ஆனால் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் கவர்னர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வேலூர்ச் சிப்பாய்களின் குறைகள் பலவாக இருந்திருக்கலாம். திப்புவின் மக்கள் அக்கோட்டையில் வாழ்ந்ததும் ஒரு காரணமாகலாம். ஆயினும் படைச்சின்னத்தின் தத்துவத்தை அவர்கள் தளபதியைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். நெற்றியில் இட்ட திருநீறும் ஒரு சின்னம். அது ஊருக்கும் உறவுக்கும் தெய்வத்துக்கும் தெரியவேண்டிய சின்னம். தலையில் வைத்த தோல்குஞ்சம் கும்பெனிக்குத் தெரியவேண்டிய சின்னம். ஒன்றை அழித்தால்தான் மற்றொன்றை அணியலாம் என்று விதித்தபோது, சிப்பாய் தன்னை யார் பார்த்து இன்னான் என்று அறியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையே இழந்தான்.

நம் வீதிக்குத் திரும்புவோம். மலாய் வீரர்களை முதன்மையாகக் கொண்ட இலங்கை ரைபிள் ரெஜிமெண்டு 1827-இல் அப்பெயரைப் பெற்று, 1873-இல் கலைக்கப்பட்டது. கோப்பி மடிந்து தேயிலை தழைத்த பிறகு, 1900-ஆம் ஆண்டில், தோட்டத்துத் துரைமாரையே கொண்டு, கண்டியைத் தலைமையிடமாக வைத்து இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை அமைந்தது. வாரநாட்களில் கொழுந்து நிறுக்கும் தராசையும் கணக்குப் புத்தகத்தையும் மேற்பார்வையிட்டவர்கள், ஓய்வுநாட்களில் காக்கி அணிந்து குறிபார்த்துச் சுட்டார்கள். 1914 அக்டோபரில் எட்டு அதிகாரிகளும் 229 வீரர்களும் மேஜர் ஹால் பிரவுனின் தலைமையில் எகிப்துக்குக் கப்பலேறி, சூயஸ் கால்வாயைக் காத்து, மறு ஆண்டில் கலிப்போலிக்குச் சென்று, அங்கே ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகவும் பணிபுரிந்தார்கள். ஐரோப்பியர்க்கு மட்டுமே இடமிருந்த அப்படை 1949-இல் கலைக்கப்பட்டது.

தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னத்தை அக்காலத்துப் படைவீரர் பேணிய விதம் தனியே சொல்லத்தக்கது. நாள்தோறும் மெருகுப்பசை தடவித் துணியால் தேய்த்துத் தேய்த்து, பல ஆண்டுகளில் அதன் கூர்மையான வரைகள் மழுங்கும். கிரீடத்தின் மணிகள் ஒன்றோடொன்று கலக்கும். விலங்கின் கண் மறையும். எழுத்துகள் விரலால் தடவினால் மட்டும் தென்படும் மேடுகளாக மிஞ்சும். புதிதாகச் சேர்ந்தவனுடைய சின்னத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும். பழையவனுடையதில் ஒன்றும் தெரியாது, ஆனால் அது பொன்னைப்போல் மின்னும். தேய்மானமே மூப்பின் சான்று என்று கருதப்பட்டதால், புதியவர்கள் தங்கள் சின்னத்தை வேண்டுமென்றே அதிகமாகத் தேய்த்துப் பழையவர் போலக் காட்டிக்கொள்வதும் உண்டு. பார்ப்பவனுக்கு அறிவிப்பதற்காகத் தோன்றிய பொருள், இங்கே அறிவிக்கும் சக்தியை இழந்து, தோழர்களுக்குள்ளே மட்டும் மதிப்புப் பெற்ற உடைமையாகிவிட்டது.

அதே காலத்தில், அதே மலைச்சரிவுகளில், மற்றோர் உலோகச் சின்னமும் மனிதர் உடம்பில் தொங்கியது. துரையின் தொப்பியில் பித்தளை ஏறிய அடுத்த ஆண்டில், அதாவது 1901-இல், தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதற்காகத் தகர டிக்கெட் முறை ஏற்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டியவர் என்பதைக் காட்டும் குறி பொறித்த சிறிய உலோக வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். வழிச்செலவு அந்தக் குறியைக் கொண்டே தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பிறகு கங்காணியின் வழியாகத் தொழிலாளியின் கடனாக இறங்கியது. அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே இதே வடக்கு வீதியில் நடந்து மாத்தளையை அடைந்தபோது, கழுத்தில் எதுவும் இல்லை. வழியில் விழுந்தவர்களை எண்ணுவதற்கும் எவரும் இல்லை. இவர்கள் எண்ணப்பட்டார்கள். அது ஒருவகை முன்னேற்றமே எனினும், எண்ணியது யாருடைய கண் என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டும் உலோகம், இரண்டும் அணிந்தவனை ஒரு கூட்டத்தோடு சேர்த்துக் காட்டுபவை. துரை தன் பித்தளையை நாள்தோறும் தேய்த்தார். அந்தச் சின்னம் அவருக்கு உரியது. தொழிலாளி தன் தகரத்தை ஒருநாளும் தேய்க்கவில்லை. அந்தத் தகரத்துக்கு அவரே உரியவராக இருந்தார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் வந்து நின்று அவர்கள் இட்டுக்கொண்ட திருநீறு ஒன்றே, அந்த யாத்திரை முழுவதிலும் தங்கள் விருப்பத்தால் அணிந்த சின்னமாக இருந்திருக்கவேண்டும்.

முதல் உலகப் போர் படைச்சின்னத்தின் இலக்கணத்தையே மாற்றியது. பதுங்குகுழிப் போரில் ரெஜிமெண்டின் பெயர் வெளியே தெரிந்தால், எதிரே நிற்பது எந்தப் படை என்று பகைவன் அறிந்துவிடுவான். எதுவுமே தெரியாவிட்டால், முன்னேறிச் செல்பவர் நம்மவரா என்று பின்னாலிருக்கும் நம் அதிகாரிக்கே விளங்காது. ஆகவே பெயரையும் எண்ணையும் மறைத்து, நிறமும் வடிவமும் மட்டும் கொண்ட துணித் துண்டுகளைத் தோளிலும், சில படைகளில் கழுத்துக்குக் கீழே முதுகிலும் தைத்தார்கள். முதுகிலே தைத்த சின்னத்தை அணிந்தவனும் பார்க்கமுடியாது, எதிரியும் பார்க்கமுடியாது. பின்னால் வரும் தன்னவனுக்கு மட்டுமே அது தெரியும். ஒரு சின்னம் யாருக்காக என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு கிடைக்காது.

இரண்டாம் உலகப் போரில் இந்தத் துணிச் சின்னங்கள் விலங்கும் பறவையும் ஆயுதமுமாகப் பெருகி, நம் வடக்கு வீதிக்கே வந்து சேர்ந்தன. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கிழக்குக் கடலில் மூழ்கியது. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூந்தோட்டத்தில் நிறுவினார். அன்று முதல், பேராதனைக்கும் திருகோணமலைத் துறைமுகத்திற்கும் இடையே மாத்தளையும் நாலந்தாவும் தம்புள்ளையும் வழியாகச் செல்லும் நம் சாலை ஒரு சேனையின் நரம்பாயிற்று.

அந்தக் கட்டளையின் சின்னம் தீயிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை. சிங்கப்பூரும் பர்மாவும் கைவிட்டுப்போன பிறகு, தோற்ற சேனைக்குத் தலைவராக வந்தவர் இந்தப் பறவையைத் தேர்ந்ததில் இருந்த கருத்து வெளிப்படை: எரிந்தது உண்மைதான், ஆனால் சாம்பலே முடிவு அன்று. ஏனைய சின்னங்களெல்லாம் வலிமையைப் பறைசாற்றும்போது, இது ஒன்று தோல்வியை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. இது பகைவனை அச்சுறுத்துவதற்கு அன்று. தைத்துக்கொண்டவனுக்கே தைரியம் சொல்வதற்கு. கண்ணாடியின் முன் நின்று சட்டை மாட்டும்போது அணிந்தவனுடைய கண்ணிலே படவேண்டும் என்று செய்யப்பட்ட சின்னம் அது.

இத்தகைய துணிச் சின்னத்தைத் தைப்பதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. தோள்தையலுக்குச் சற்றுக் கீழே, கையின் வெளிப்புறத்தில், நூல் வெளியே தெரியாதபடி நான்கு ஓரமும் தைக்கவேண்டும். பறவையோ விலங்கோ பக்கவாட்டில் நோக்குமாயின், அது எப்போதும் வீரன் முன்னேறும் திசையையே நோக்கவேண்டும். வலத்தோளில் உள்ளதையே இடத்தோளிலும் தைத்தால், ஒன்று முன்னே பார்க்க, மற்றொன்று புறங்காட்டி ஓடுவதாக ஆகிவிடும். ஆகையால் ஒன்றையொன்று நோக்கும் சோடியாகவே அவை நெய்யப்பட்டன. வலதும் இடதும் மாறிப்போன தையல்காரனால், ஒரு பட்டாளமே பின்வாங்குவதாகக் காட்சியளிக்கும்.

இந்த நுட்பத்தை எல்லாரையும் விஞ்சச் செய்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கர்கள். பர்மாவில் போரிட்ட அவர்களுடைய 81-ஆம் டிவிஷனின் சின்னம், மஞ்சள் வட்டத்தில் ஒரு கருஞ்சிலந்தி. தங்கள் நாட்டுக் கதைகளில் தந்திரத்தால் பெரிய விலங்குகளை வெல்லும் அனன்சி என்னும் சிலந்தி அது. அதைத் தலைகீழாகத் தைத்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது பார்ப்பவனுக்கு அது பிழைபோலத் தோன்றும். ஆனால் வீரன் துப்பாக்கியை ஏந்திக் கையை முன்னே நீட்டியதும், சிலந்தி அவன் கைவழியே பகைவனை நோக்கி ஊர்ந்து செல்வதாகிவிடும். ஓய்வில் தவறாகவும் செயலில் சரியாகவும் இருக்கும் சின்னம் அது. இலங்கைக்கே வந்து 1943 முதல் மறு ஆண்டின் நடுப்பகுதிவரை இத்தீவின் காடுகளில் பயிற்சி பெற்றுப் பர்மாவுக்குச் சென்ற 11-ஆம் கிழக்காப்பிரிக்க டிவிஷன், காண்டாமிருகத்தின் தலையைத் தோளில் அணிந்திருந்தது. யானையைத் தவிர வேறு பெருவிலங்கை அறியாத நம் கிராமத்துச் சிறுவர்களில் எத்தனை பேர் அந்த விலங்கை முதன்முதலில் ஒரு சிப்பாயின் தோளில் கண்டு வியந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பர்மாவை மீட்ட 14-ஆம் சேனையின் தளபதி சிலிம் கண்ட சின்னமும் இவ்வாறே விதியை மீறியது. கேடயத்தின்மேல் நின்ற அவருடைய வாளின் முனை கீழ்நோக்கியிருந்தது. வாள் மேல்நோக்கி நிற்பதே மேல்நாட்டு இலச்சினை மரபு. ஆனால் மணிப்பூர் மலைகளிலிருந்து இறங்கி, வடக்கிலிருந்து தெற்காகத்தான் பர்மாவை வெல்லவேண்டியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றும், வரைபடத்தில் தெற்கு கீழே இருப்பதால் வாளையும் கீழ்நோக்கி நிறுத்தினார் என்றும் சொல்வார்கள். சிலந்தியும் வாளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன: சின்னத்தின் பொருள் அதன் உருவத்தில் பாதிதான் இருக்கிறது, மறுபாதி அது அணியப்படும் முறையில் இருக்கிறது.

1949 அக்டோபர் 10-ஆம் நாள் இலங்கைத் தரைப்படை நிறுவப்பட்டபோது, சின்னங்களில் பிரிட்டிஷ் கிரீடமே இருந்தது. 1972-இல் நாடு குடியரசானதும் அது இறங்கித் தேசிய இலச்சினைக்கு இடங்கொடுத்தது. புதிய ரெஜிமெண்டுகளுக்குச் சிங்கம், கெமுனு, கஜபா, விஜயபாகு என்று பெயர்கள் வந்தன. இரண்டாயிரம் ஆண்டு மரபிலிருந்து ஒரு நாடு தன் சேனைக்குப் பெயர் தேடுவது இயல்பே. ஆனால் அப்பெயர்கள் யாருடைய நினைவிலிருந்து எடுக்கப்பட்டன, யாருடைய கண்ணுக்காகத் தைக்கப்பட்டன என்னும் நம் பழைய கேள்வி இங்கேயும் எழாமல் இராது. 1951-இல் தேசியக் கொடியை முடிவுசெய்தபோது, வாளேந்திய சிங்கத்துக்குப் பக்கத்தில் தமிழர்க்கென்றும் முஸ்லிம்களுக்கென்றும் செம்மஞ்சளும் பச்சையுமாக இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டன. சிங்கம் நின்ற சட்டத்துக்கு வெளியே அவை நின்றன. பட்டை சேர்த்தவர்கள் அதனை இணைப்பு என்று கண்டார்கள். பட்டையைப் பார்த்தவர்களில் பலர் அதனை எல்லைக்கோடு என்று கண்டார்கள். பின்னர் வந்த துயரங்களை நாம் அறிவோம்.

ஆயினும் அந்தப் பெயர்களில் ஒன்று நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. 1983-இல் அமைந்த ரெஜிமெண்டுக்குப் பெயர் தந்த கஜபாகு மன்னனைத் தமிழர்கள் கயவாகு என்று அறிவார்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது அங்கே வந்து நின்று, அந்த வழிபாட்டை இத்தீவுக்குக் கொண்டுசென்றவன் என்று சிலப்பதிகாரம் அவனைப் போற்றுகிறது. ஒரு தொப்பியில் வீரனின் பெயராக நிற்பது, ஒரு காப்பியத்தில் பத்தினியின் அடியவன் பெயராக நிற்கிறது. ஆத்தியைச் சுட்டிக்காட்டிய கோவூர் கிழார் இன்று இருந்திருந்தால், இந்தப் பெயரைத்தான் சுட்டிக்காட்டியிருப்பார்.

இக்காலத்துப் போர்வீரனின் சட்டை இலையும் நிழலும் கலந்த நிறத்தில் இருக்கிறது; அதன்மேல் தைக்கும் சின்னமும் பளிச்சென்ற நிறங்களை இழந்து, கறுப்பும் கரும்பச்சையுமான நூலால், அருகில் வந்தவனுக்கு மட்டும் தெரியும்படி அமைகிறது. சிவப்புச் சட்டையில் தொடங்கிய பயணம் கரும்பச்சைச் சட்டைக்காரனிடமே வந்து முடிந்துவிட்டது. தூரத்திலிருப்பவன் காணக்கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவன் காணவேண்டும் என்பதே இன்றைய விதி.

ரிவர்ஸ்டனில் நான் நின்ற அந்த மாலையில், பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் தொப்பி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீலச் சால்வை வந்தது. அவை சிங்களத்தில் பேசுமா தமிழில் பேசுமா என்பதை நிறம் சொல்லவில்லை. நாலடி தூரத்துக்கு வந்த பிறகே, குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகியிருந்த இரண்டு கிழவர்களின் முகங்கள் தெரிந்தன. ஒருவர் ஒரு மொழியிலும் மற்றவர் மறு மொழியிலும், கீழே போகும் கடைசி பஸ் போய்விட்டதா என்று என்னைக் கேட்டார்கள்.

அடுத்த அதிகாரத்தில், 1942 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து உள்நாட்டை நோக்கி மக்கள் இடம்பெயர்ந்த நாட்களைக் காண்போம்.

(தொடரும்)